நெய்யாற்றின்கரை தந்த துணைவேந்தர்

பல்கலைக் கழகங்களைக் கட்டி எழுப்பிய பெரியோர் யார் யார் என்று கேட்டால், நம் மன்றத்து நண்பர்கள் அண்ணாமலை அரசரைச் சொல்வார்கள்; சென்னைப் பல்கலைக் கழகத்தை நெடுங்காலம் நடத்திய இலட்சுமணசாமி முதலியாரைச் சொல்வார்கள். பாறசாலைக்காரனாகிய நான் அவ்வரிசையில் இன்னும் ஒரு பெயரைச் சேர்க்க விரும்புகிறேன். நெய்யாற்றின்கரை ஜி. இராமச்சந்திரன் என்பது அப்பெயர். காந்திகிராமத்தைக் கண்டவர் என்று நாடு அவரை அறியும். அவருடைய சொந்த ஊருக்கும் எங்கள் ஊருக்கும் இடையே பேருந்தில் அரைமணி நேரப் பயணமே உண்டு என்பதை மட்டும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளே அறியார்.

அறியாமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாறசாலை, இஞ்சிவிளை, செங்கவிளை, ஊரம்பு என்று நீளும் எங்கள் எல்லைச் சிற்றூர்களில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் மலையாளமும் ஒலிக்கும். ஒரே வீட்டில் இரண்டும் ஒலிப்பதும் உண்டு. தென் எல்லைப் போராட்ட நாளில் நேசமணி முதலிய தலைவர்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று வாதாடினார்கள். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளை எல்லையாயிற்று. அதற்கு முன்பே, 1954 ஆகஸ்டில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்திருந்தது. இத்தனையும் நடந்த மண்ணில், திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் என்று எவர் பெயரைச் சொன்னாலும் என் பாட்டாவின் தலைமுறைக்கு முகம் சுளிக்கும். இராமச்சந்திரனும் அந்த ஸ்டேட் காங்கிரசின் தலைவர்களுள் ஒருவரே. ஆகவே அவரைப் பற்றி எங்கள் திண்ணைகளில் யாரும் பேசவில்லை. ஆனால் அந்த மலையாளிதான் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைத் திண்டுக்கல் பக்கத்துத் தமிழ்ச் சிற்றூர்களுக்குக் கொடுத்தார். இதைச் சொல்லத் தமிழ் மாணவர் மலரை விடத் தக்க இடம் வேறு எது?

அவர் பிறந்தது 1904 அக்டோபர் 3. அன்னை மாதவித் தங்கச்சி. இளமைக் கல்வி திருவிதாங்கூரில் முடிந்தபின், அக்காலத்து இளைஞர் பலர் சென்ற வழியில் சட்டம் படிக்கவோ சர்க்கார் உத்தியோகம் தேடவோ அவர் போகவில்லை. வங்கத்துச் சாந்திநிகேதனுக்குச் சென்றார். 1920-களின் தொடக்கம் அது. 1921-இல் தாகூர் விசுவபாரதியை முறையாக அமைத்தார். அடுத்த ஆண்டே அருகிலிருந்த சுருலில், எல்ம்ஹர்ஸ்ட் என்ற ஆங்கில இளைஞரின் துணையோடு, ஊர்ப்புறச் சீரமைப்புக்கென்று ஸ்ரீநிகேதன் தொடங்கிற்று. ஓவியமும் இசையும் ஒரு பக்கம். உழவும் கால்நடையும் மலேரியா ஒழிப்பும் மறுபக்கம். ஒரே நிறுவனத்தின் கூரைக்குள் இவ்வளவும் அடங்குவதை நெய்யாற்றின்கரை மாணவர் கண்ணால் கண்டார். பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் விதை அங்கே விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

1924-இல் ஒரு நிகழ்ச்சி. இந்து முசுலிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் டில்லியில் இருபத்தொரு நாள் உண்ணாநோன்பு இருந்த காலம். சாந்திநிகேதன் மாணவராகிய இராமச்சந்திரன் அங்கே சென்று அடிகளைக் கண்டு சில கேள்விகள் கேட்டார். இருபது வயது இளைஞர். ஆயினும் கூச்சம் இல்லை. கலை எதற்கு, அழகும் உண்மையும் ஒன்றா, இயந்திரங்கள் எல்லாமே வேண்டாதவையா என்று அடுக்கிக் கேட்டார். மகாதேவ தேசாய் அவ்வுரையாடலை எழுதி யங் இந்தியா இதழில் வெளியிட்டார். இன்றும் காந்தியத்தைப் படிப்போர் தவறாது படிக்கும் பகுதி அது.

அந்த உரையாடலில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. இயந்திரத்தின் மீதுள்ள வெறியைத்தான் தாம் எதிர்ப்பதாகக் கூறிய அடிகள், சிங்கர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார்; மனைவி படும் பாட்டைக் காணப் பொறாத அன்பில் பிறந்த கருவி அது என்பது அவர் கருத்து. இளைஞர் விடவில்லை. அப்படியானால் தையல் இயந்திரம் செய்வதற்கு ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அதற்குப் பெரிய இயந்திரங்கள் வேண்டுமே என்று மடக்கினார். வேண்டும்தான், ஆனால் அத்தகைய தொழிற்சாலை தனியார் இலாபத்துக்காக நடவாமல் அரசின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற பொருள்பட அடிகள் விடையளித்தார். பார்த்தீர்களா! இயந்திரம் நல்லதா கெட்டதா என்று தொடங்கிய பேச்சு, அதை யார் ஆள்வது என்பதில் வந்து முடிந்தது. நிறுவனங்களை யார் ஆள்வது என்ற இந்தக் கேள்வி இராமச்சந்திரனை இறுதிவரை விடவே இல்லை.

சபர்மதி ஆசிரம வாழ்க்கை, கதர்ப் பணி, தீண்டாமை ஒழிப்பு, பன்முறை சிறை என்று அடுத்த பத்தாண்டுகள் சென்றன. அவற்றை விரித்தால் மலரில் இடம் போதாது. விடுதலைப் போராட்ட வரலாற்றில் அவை எளிதாகக் கிடைக்கும். 1937, 1938 ஆகிய ஈராண்டுகளை மட்டும் நான் தாண்டிச் செல்ல முடியாது.

1937 நவம்பரில் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் பிறந்தது. இன்று நாம் படிக்கும் கேரளப் பல்கலைக் கழகத்தின் மூல வடிவம் அதுவே. மகாராஜா வேந்தர், மகாராணி இணைவேந்தர், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் துணைவேந்தர். அரசை ஆள்பவரே பல்கலைக் கழகத்தையும் ஆண்டார். ஆய்வுக்கும் தொழில் நுட்பத்துக்கும் அவர் இடம் கொடுத்தார் என்பதை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் கற்பிப்போரும் கற்போரும் அந்த ஆட்சியில் குரலற்றவர்கள். மறு ஆண்டே பொறுப்பாட்சி கேட்டு ஸ்டேட் காங்கிரஸ் எழுந்தது. திவானின் அடக்குமுறையும் எழுந்தது. 1938 ஆகஸ்டு 31 அன்று நெய்யாற்றின்கரையில் கூடிய மக்கள் மீது சுட்டார்கள். இராகவன் முதலியோர் மடிந்தனர். தம் சொந்த ஊரில் விழுந்த அந்தக் குண்டுகளை இராமச்சந்திரன் எங்ஙனம் மறந்திருப்பார்? மேலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் திறமையாக நடத்திவிட முடியும் என்ற எண்ணத்தில் அவருக்கு நம்பிக்கை பிறக்காமற் போனதற்கு இக்காலமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இனிச் சௌந்திரம் அம்மையாரைப் பற்றிச் சொல்லாமல் இவ்வரலாறு நகராது. மதுரையில் பேருந்துத் தொழில் நடத்திப் பெயர் பெற்ற டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளார். இளமையிலேயே கணவரை இழந்தவர். பெற்றோர் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. டில்லி லேடி ஹார்டிங்கு கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். அங்கே இராமச்சந்திரனைக் கண்டார். சாதி வேறு, மொழி வேறு, மணப்பெண் கைம்பெண். எதிர்ப்புக்குக் கேட்க வேண்டுமா? காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ளச் சொன்னார். சோதனை முடிந்ததும் 1940-இல் சேவாகிராமத்தில் அவர் முன்னிலையிலேயே திருமணம் நடந்தது.

அன்னை கஸ்தூரிபா மறைந்தபின் அவர் பெயரில் எழுந்த நிதியின் தென்னாட்டுப் பணி அம்மையாரிடம் வந்தது. 1947-இல், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே இருவரும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் ஒரு சிறு மருத்துவமனை, தாய்மார்க்கு உதவி, ஊழியர்க்குப் பயிற்சி, ஆதாரக் கல்விப் பள்ளி, கதர். இவற்றுள் எதுவும் புதிதன்று. எல்லாம் ஒரே இடத்தில் ஒரே அறக்கட்டளையின் கீழ் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நின்றதே புதிது.

ஏன் கைகொடுக்க வேண்டும்? ஓர் எளிய எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். ஒரு சிற்றூரில் குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் மருந்து கொடுக்கலாம். அடுத்த மாதம் மீண்டும் வரும். கிணற்றைச் சரி செய்யப் பொறியாளர் வேண்டும். கிணற்றின் கரையில் யார் யார் நீர் எடுக்கலாம் என்பதில் சாதி குறுக்கிடும். அதைப் பேசித் தீர்க்கச் சமூக ஊழியர் வேண்டும். செலவுக்குப் பஞ்சாயத்தும் கூட்டுறவுச் சங்கமும் வேண்டும். கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆசிரியர் ஊட்ட வேண்டும். நம் பல்கலைக் கழகங்களில் இவ்வைவரும் ஐந்து துறைகளில் ஐந்து கட்டடங்களில் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை விழாவில் சந்திப்பார்கள். ஊர்க்காரன் தன் துன்பத்தை ஐந்து துண்டாக வெட்டிக்கொண்டா வருவான்?

இந்தக் கேள்வி அக்காலத்தில் இராமச்சந்திரனுக்கு மட்டும் தோன்றியதன்று. 1948-49-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவில் ஆர்தர் மார்கன் என்ற அமெரிக்கர் இருந்தார். ஆண்டியாக் கல்லூரியில் உழைப்பையும் படிப்பையும் இணைத்துக் காட்டியவர். டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். ஊர்ப்புறப் பல்கலைக் கழகம் பற்றிய கருத்தை அக்குழுவின் அறிக்கையில் வலியுறுத்தியவர் அவர். பிறகு ஸ்ரீமாலி குழு வந்தது. 1956-இல் நடுவண் அரசு உயர்நிலை ஊரகக் கல்விக்கு ஒரு தேசிய மன்றம் அமைத்து, நாட்டின் பல பகுதிகளில் ஊரக நிறுவனங்களைத் தொடங்கிற்று. டில்லி ஜாமியா மில்லியா, ஸ்ரீநிகேதன், உதயப்பூர், கோவை இராமகிருஷ்ண வித்தியாலயம் ஆகியவை அவ்வரிசையில் இருந்தன. காந்திகிராமமும் ஒன்று, இயக்குநர் இராமச்சந்திரன்.

இங்கேதான் நான் சொல்லவந்த ஆட்சி பற்றிய செய்தி தொடங்குகிறது. பல துறைகளை ஒன்றாகக் கலந்து நடத்தும் ஒரு நிறுவனத்தை யார் ஆள்வது? நிலம் அறக்கட்டளையுடையது. பாடத்திட்டமும் தேர்வும் பட்டயமும் டில்லியிலிருந்த தேசிய மன்றத்தைச் சார்ந்தவை. பணத்தில் பெரும்பகுதி அரசினுடையது. கற்பிக்கும் களமோ சுற்றுப்புற ஊர்மக்களுடையது. நான்கு எசமானர்! எந்த மாநிலப் பல்கலைக் கழகத்தோடும் இணைப்பு இல்லாததால் புதிதாகப் பாடம் வகுக்க உரிமை கிடைத்தது. அதே காரணத்தால் ஊரகப் பணியில் மூன்றாண்டுப் பட்டயம் பெற்ற மாணவர், அரசு அதனை முதற்பட்டத்துக்கு நிகர் என்று ஏற்றபோதிலும், மேற்படிப்புக்குப் பிற பல்கலைக் கழகங்களின் வாயிலில் தயங்கி நிற்க நேர்ந்தது. உரிமைக்குக் கொடுத்த விலையை நிறுவனம் கொடுக்கவில்லை, மாணவர் கொடுத்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் சங்கடப்படும்.

இந்த நான்கு எசமானரையும் இராமச்சந்திரன் எவ்வாறு இழுத்துப் பிடித்தார்? சட்டத்தை விடப் பழக்கத்தை அவர் நம்பினார் என்று தோன்றுகிறது. சேவாகிராமத்து ஆதாரக் கல்வி மரபில் மாணவர்களே தங்களுக்குள் பொறுப்பாளர்களைத் தேர்ந்து உணவும் துப்புரவும் நலவாழ்வும் கவனித்துக்கொள்வார்கள். அம்மரபு காந்திகிராமத்துக்கும் வந்தது. உடலுழைப்பும் அனைத்துச் சமய வழிபாடும் அன்றாட வாழ்வின் பகுதிகள். மாணவர்களைக் கொண்டே சாந்தி சேனை என்ற அமைதிப்படை அமைந்தது; காவலுக்கும் கூட்ட ஒழுங்குக்கும் கலவரத் தடுப்புக்கும் அவர்களே பொறுப்பு. கற்பித்தலும் ஆராய்ச்சியும் மட்டும் போதா. ஊருக்குச் சென்று பணியாற்றுவதும் அவற்றுக்குச் சமமான மூன்றாவது கூறு என்ற விதி வகுக்கப்பட்டது. மாணவர்கள் ஊர்களில் தங்கிப் பணி செய்வது படிப்பின் பகுதியாயிற்று. ஒரே ஊருக்கு வெவ்வேறு துறையார் போகும்போது, துறைகளுக்கு இடையிலுள்ள சுவர் தானே தாழ்ந்துவிடும் அன்றோ? கூட்டம் போட்டுத் துறைகளை இணைப்பதை விட இது எளிய வழி. நம் பல்கலைக் கழகத்தில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் என்ற பெயரில் தேநீரும் வடையும் செலவாவதைக் கண்ட நண்பர்கள் இதை ஒப்புவார்கள்.

ஆயினும் குறை சொல்லாமல் புகழ்ந்துகொண்டே போவது வரலாறு ஆகாது. பழக்கத்தை நம்பி நடக்கும் ஆட்சிக்குப் பெரிய மனிதர் ஒருவர் நடுவில் இருக்க வேண்டும். காந்திகிராமத்துக்கு இருவர் இருந்தார்கள். காந்தியடிகளோடு நேரில் பழகியவர்கள் என்ற பெருமையும் டில்லியில் கதவுகளைத் திறக்கும் செல்வாக்கும் அவர்களுக்கு இருந்தன. அம்மையார் சென்னைச் சட்டமன்றத்திலும், 1962 முதல் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராகவும், நடுவண் கல்வித் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். சிக்கல் வந்தால் விதிப்புத்தகத்தைப் புரட்டாமல் அவர்களிடம் போய்ச் சொன்னால் போதும். அவர்கள் இல்லாத நாளில் என்ன செய்வது என்பதற்கு அந்த முறையில் விடை இல்லை. திவானின் ஒருவர் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர் கட்டிய நிறுவனமும் பேரளவுக்குத் தனிமனிதப் பெருமையிலேயே நின்றது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறுபாடு என்னவென்றால், இங்கே மாணவரும் ஊராரும் வேலையில் பங்குடையவர்களாக இருந்தார்கள். முடிவு செய்யும் மேசையில் அவர்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பது வேறு கேள்வி.

இராமச்சந்திரனும் ஓரிடத்தில் இருந்தவர் அல்லர். காந்தி அமைதி நிறுவனத்தின் செயலாளராக டில்லியில் பல ஆண்டு பணியாற்றினார். அணுகுண்டுக்கு எதிராக 1962-இல் அங்கே நடந்த மாநாட்டில் அவர் பங்கு பெரிது. 1964 முதல் 1970 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார். இதற்கிடையே 1964-இல் காந்திகிராமத்தில் ஊரக நலவாழ்வுக்கும் குடும்ப நலத்துக்கும் ஒரு தனி நிறுவனம் நடுவண் அரசு, மாநில அரசு, போர்டு அறக்கட்டளை ஆகியவற்றின் துணையோடு உருவாயிற்று. நல்ல பணி செய்த நிறுவனம். ஆனால் அதற்குத் தனி ஆட்சி, தனிக் கணக்கு. ஒரே கூரை என்று தொடங்கிய இடத்தில் கூரைகள் பெருகத் தொடங்கின. பணம் எந்தக் கதவு வழியாக வருகிறதோ அந்தக் கதவுக்கு ஒரு காவலாளியும் வந்துவிடுகிறார். இது காந்திகிராமத்துக்கு மட்டும் உரிய நோய் அன்று.

1956-இல் தொடங்கிய ஊரக நிறுவனங்களுள் பல, காலப்போக்கில் வேறு பல்கலைக் கழகங்களோடு கலந்தோ, வழக்கமான கல்லூரிகளாக மாறியோ தங்கள் வடிவை இழந்தன. காந்திகிராமம் இழக்கவில்லை. 1976-இல் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி அது நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. எழுபது வயதைத் தாண்டிய இராமச்சந்திரன் முதல் துணைவேந்தரானார். நாட்டின் துணைக் குடியரசுத் தலைவர் வேந்தராக இருக்கும் மரபும் பல ஆண்டு நிலவிற்று. மாணவர்க்குப் பட்டம் கிடைத்தது. ஐயத்தோடு எவர் வாயிலிலும் நிற்கத் தேவையில்லை. ஆசிரியர்க்கு நிலையான ஊதியம் கிடைத்தது. பழைய அநீதி தீர்ந்தது என்ற வகையில் இதனை நான் முழுமனத்தோடு வரவேற்பேன்.

ஆனால் அறக்கட்டளை ஒரு பக்கம், பல்கலைக் கழகம் ஒரு பக்கம் என்று இரண்டு வீடாயிற்று. மருத்துவமனையும் பள்ளிகளும் கதர்ப் பணிகளும் அறக்கட்டளைக் குடும்பத்தோடு நின்றன. பட்டப் படிப்புகள் ஆட்சிக்குழு, கல்விக்குழு, நிதிக்குழு என்ற வழக்கமான அமைப்புக்குள் வந்தன. புலங்களும் துறைகளும் பிரிந்தன. பிரித்த விதத்திலும் பழைய மணம் கொஞ்சம் எஞ்சியிருந்தது என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். தமிழ் மாணவர்க்கு உவப்பாக இருக்கும். அங்கே தமிழும் இந்திய மொழிகளும் கிராமியக் கலைகளும் ஒரே புலத்தில் வைக்கப்பட்டன. புலவர் ஏட்டையும் ஊர்க் கூத்தையும் ஒரே வீட்டில் வைக்க மனம் கொண்ட பல்கலைக் கழகங்கள் நம் நாட்டில் மிகச் சிலவே.

பணிகளிலிருந்து விலகியபின் அவர் நெய்யாற்றின்கரைக்கே திரும்பினார். ஊருட்டுக்காலாவில் தம் அன்னையின் பெயரால் மாதவி மந்திரம் என்று விளங்கிய இல்லத்தில், லோக சேவா அறக்கட்டளையை நடத்திக்கொண்டு இறுதி ஆண்டுகளைக் கழித்தார். சௌந்திரம் அம்மையார் 1984-இல் மறைந்தார். பத்தாண்டு கழித்து, 1995 சனவரியில், தம் தொண்ணூறாம் வயதில் இராமச்சந்திரனும் மறைந்தார்.

எங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பேருந்து அமரவிளைப் பாலத்தில் நெய்யாற்றைக் கடந்து நெய்யாற்றின்கரைக்குள் நுழைகிறது. நாள்தோறும் அவ்வழியே வந்துபோகும் எல்லைத் தமிழ் மாணவர் நூற்றுக் கணக்கினர். நம் கேரளப் பல்கலைக் கழகத்தின் செனட்டில் மாணவர் பிரதிநிதிகளுக்கு இப்போது இடம் உண்டு. திவான் காலத்தில் கனவிலும் காணாத இடம் அது. வருகின்ற தேர்தலில் அவ்விடத்துக்கு நிற்கப் போகும் நண்பர்கள், விளம்பரத் தாள் அச்சிடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருட்டுக்காலாவுக்கு என்னோடு வரலாம். பேருந்துக் கட்டணம் அவரவர் பொறுப்பு.